இதை வாங்கியவர்கள்

பெண் பார்க்க வந்து, நிறம் கம்மி என்று ஹெப்சியை வேண்டாமென்றவன் பிரேம்சிங். அவள் வேலை பார்க்கும் சங்கரன்கோவில் ஆன்லைன் கல்யாணக் கடையிலேயே இப்போது கோட்டு வாங்கியிருந்தான்.

அவனுக்கு நிச்சயமான ஜெனிபா கடைக்குப் போன் செய்தாள். ஹெப்சிதான் எடுத்தாள். "அக்கா, அவர் எடுத்த கோட்டைக் காட்டுங்க. அதுக்குத் தோதா சேலை எடுக்கணும்."

"லிங்க் அனுப்புதேன்மா."

'இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்' என்று காட்டும் புரோகிராம் ஹெப்சி எழுதியது. பத்துப் பேராவது சேர்த்து வாங்கியதைத்தான் காட்டும். டேட்டாபேஸில் பிரேம்சிங் வாங்கியவற்றின் பட்டியலைத் திறந்தாள்.

"என் நெறத்தையா கொறை சொன்ன? இருலே."

புரோகிராமில் 'பத்துப் பேர்' என்றிருந்ததை 'ஒருவர்' என்று மாற்றிவிட்டு லிங்கை அனுப்பினாள்.

உடனே போன் வந்தது. "அக்கா, கோட்டுக்குக் கீழ வழுக்கைக்கு ஒட்டுற விக்கு காட்டுதே?"

"கோட்டு வாங்குனவங்க அதையும் வாங்கியிருக்காங்க."

"எத்தனை பேரு?"

"இதுவரைக்கும் ஒருத்தர்தாம்மா."