முப்பத்தெட்டு மார்க்

ஐந்தாவது தடவையும் லாஜிக் பேப்பரில் முப்பத்தெட்டு. பாஸ் மார்க் நாற்பது.

பாமா மார்க் ஷீட்டைச் சாப்பாட்டு மேஜைமேல் விட்டெறிந்தாள்.

"முதல் நாலு தடவையும் முப்பத்தெட்டு, இப்பவும் முப்பத்தெட்டு. பையன் ஒரு நிலையா இருக்கான்" என்றார் கணவர் ஸ்ரீநிவாசன், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு! டிசம்பருக்குள்ள எம்.ஏ. சர்டிபிகேட்டைக் காட்டலேன்னா சாகண் ஃபாக்டரி ஏரியாவுல கிடைச்சிருக்கற கம்பெனி வேலை போச்சு. இனிமே அக்டோபர் பரீட்சை ஒண்ணுதான் பாக்கி."

ஷ்யாம் தட்டிலிருந்த அவல் போஹாமேல் நிதானமாக எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தான். ஃபெயிலான பிள்ளைக்கு இவ்வளவு பசி ஆகாது என்று நினைத்தாள் பாமா.

"எல்லாம் அந்த அனந்தராமன் புரொபசரைச் சொல்லணும். ஊரே கம்ப்யூட்டர் பின்னாடி ஓடறச்சே, நீ மட்டும் ஃபிலாசபின்னு அவர் பின்னாடி போனே. ரெண்டு மார்க் போட்டா அவர் சொத்தா கரைஞ்சுடும்?"

"அவர் நியாயமாத்தான் போடறார்ம்மா."

"நியாயமாம்! அவருக்கு வக்காலத்து வேற."

வாசல் மணி அடித்தது. எதிர் ஃப்ளாட் லலிதா, கையில் பேடா டப்பாவுடன் நின்றாள்.

"பாமா, எங்காத்து ப்ரீத்தி எம்.பி.ஏ. என்ட்ரன்ஸ்ல பாஸ்! லாஜிக்ல மட்டும் நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு. எல்லாம் நம்ம ஷ்யாம் சொல்லிக்குடுத்ததுதான். கோச்சிங் கிளாஸ்ல ஆறு மாசமா கத்தியும் அவ மண்டைல ஏறலை. இவன் நாலே ஞாயித்துக்கிழமைல ஏத்திட்டான்."

பாமா பேடாவை வாங்கிக்கொண்டாள். சிரித்தாள். கதவைச் சாத்தினாள்.

திரும்பினால், ஷ்யாம் சத்தமில்லாமல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

"நில்லுடா. எதிராத்துப் பொண்ணுக்குத் தொண்ணூத்தெட்டு, உனக்கு முப்பத்தெட்டா?"

"அது வந்தும்மா…"

"வந்தாச்சு. சொல்லு."

"முப்பத்தெட்டு மார்க்குக்கு மட்டும் எழுதிட்டு எழுந்து வந்துடுவேன்."

ஸ்ரீநிவாசன் முதல் தடவையாகச் செய்தித்தாளை மடித்தார்.

"எங்க டிபார்ட்மென்ட்டுல புது அட்மிஷன் நிறுத்தி மூணு வருஷம் ஆச்சும்மா. எங்க பேட்ச்தான் கடைசி. மத்தவா எல்லாரும் பாஸ் பண்ணிப் போயாச்சு. பாக்கி நான் ஒருத்தன்தான். கடைசி ஸ்டூடண்ட் பாஸாகற வரைக்கும் மூட மாட்டோம்னு யுனிவர்சிட்டில சொல்லியிருக்கா. நான் பாஸானா மறுநாளே அந்த ரூமைப் பூட்டிடுவா. சாரோட ஆத்து மாமி காலமானதுலேர்ந்து அவருக்கு அந்த டிபார்ட்மென்ட்தான் எல்லாம். காலைல ஒன்பது மணிக்கு வந்து உக்காந்துடறார். பாவம்மா."

"சரி, ஃபெயிலாகறதுதான் ஆகறே, அதென்ன கணக்கா முப்பத்தெட்டு?"

"அதுக்கும் கீழே போனா, தான் சரியா சொல்லிக்குடுக்கலையோன்னு சார் வருத்தப்படுவார்."

அடிக்க ஓங்கிய கை பாதியில் நின்றது. இப்படி ஒரு மனசா என்று பெற்ற வயிறு ஒரு நிமிஷம் குளிர்ந்தது. அடுத்த நிமிஷமே சாகண் வேலை ஞாபகத்துக்கு வந்தது. மனசை வைத்துக்கொண்டு மாசச் சம்பளம் வாங்க முடியுமா?

மறுநாள் காலை கிளம்பிவிட்டாள். மூன்று ரிக்‌ஷாக்காரர்கள் வரமாட்டேன் என்றார்கள். நாலாமவனை மராத்தியில் நாலு வார்த்தை கேட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தாள். 'உங்க நாற்காலிக்கு என் பிள்ளை முட்டுக் கொடுத்தது போதும் சார்' என்று வழிநெடுக ஒத்திகை பார்த்தாள்.

தத்துவத் துறை என்பது மாடிப்படிக்குக் கீழே ஒரே ஓர் அறை. மற்ற அறைகளை மேனேஜ்மென்ட் கோர்ஸ் விழுங்கியாகிவிட்டது. அனந்தராமன் ஏதோ கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில், நிர்வாகத்துக்கு ஏற்கெனவே எழுதிய கடிதங்களின் நகல்கள் ஒரு சாண் உயரம் இருந்தன.

"ஷ்யாமோட அம்மாவா? வாங்கோ, உக்காருங்கோ. நானே ஆத்துக்கு வரணும்னு இருந்தேன்."

"சார், எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது…"

"கோபமாத்தான் இருப்பேள். நல்ல பையன்மா அவன். எழுதின வரைக்கும் ஒரு தப்பு இருக்காது. பாதியிலே என்னமோ உறைஞ்சு போயிடறான். ரெண்டு மார்க் தூக்கிப் போட எனக்குத் தெரியாதா? நாளைக்குத் தெரிஞ்சா அவன் தலைநிமிர்ந்து நடக்க மாட்டானே."

இவரைப் போய் எப்படித் திட்டுவது? பாமா கொஞ்சம் இறங்கி வந்தாள்.

"டிபார்ட்மென்ட்டை மூடிட்டா உங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா, சார்…"

"எனக்கா?" அனந்தராமன் சிரித்தார். "டொரான்டோலேர்ந்து பொண்ணு ரெண்டு வருஷமா கூப்பிட்டுண்டிருக்கா. பேத்திக்கு நடை வந்தாச்சு, நான் இன்னும் மூஞ்சியைக்கூடப் பாக்கலை."

"அப்புறம் எதுக்கு சார் இத்தனை லெட்டர்?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஷ்யாம்கிட்ட சொல்லிடாதீங்கோ, குழந்தை மனசு உடைஞ்சு போயிடுவான். கடைசிப் பையன் பாஸாகற வரைக்கும் மூட மாட்டோம்னு அவா ஒத்துண்டதே இந்த லெட்டர்களாலதான். மூடிட்டா அப்புறம் பரீட்சையே கிடையாது, இத்தனை வருஷப் படிப்பு வீண். அவன் ஒருத்தன் பாஸாகட்டும்னுதாம்மா, மூட விடாம நான் இந்த நாற்காலியைக் கட்டிண்டு அழறேன்!"