அத்தை வாழ வந்த அரண்மனை

"சொந்தக்காரங்களுக்குமா டிக்கெட்டு?" என்று கேட்டார் இத்ரிஸ்.

கவுண்டரில் இருந்த ரெஃபிக் நிமிர்ந்து பார்த்தான். எழுபதைத் தாண்டிய கிழவர். சாயம் போன கோட்டு, அன்று காலை சிரைத்த முகம்.

"வாங்க இளவரசே. இந்த வாரத்துல நீங்க மூணாவது ஆளு" என்று சொல்லி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இத்ரிஸ் கோபப்படவில்லை. "எங்க அத்தை இந்த அரண்மனைக்கு வாழ வந்தவங்க. எங்கப்பா சாகற வரைக்கும் ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிட்டிருந்தார்" என்றார்.

பாஸ்பரஸ் ஜலசந்திக் கரையிலிருக்கும் அந்தப் பழைய சுல்தான் அரண்மனையைப் பதினைந்து வருடமாகச் சுற்றிக் காட்டுகிறவள் மெலாஹத். அத்தை கதை காதில் விழுந்ததும் கிழவரைக் கூட்டத்துக்கு முன்னால் அழைத்துக்கொண்டாள். இப்படி ஒருவர் கிடைத்தால் மற்றவர்கள் கொட்டாவி விடாமல் பின்னால் வருவார்கள்.

வாசல் வளைவின் கீழே எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். இத்ரிஸ் மட்டும் வளைவின் பளிங்கில் செதுக்கியிருந்த வரிகளை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். அவருடைய கண்கள் வலமிருந்து இடமாக மெல்ல நகர்ந்து முடியும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்தப்புரத்துக்குள் நுழைந்ததும் மெலாஹத்தின் குரல் குழைந்தது. "இங்க வந்த பொண்ணுங்களை அவங்க வீட்ல சந்தோஷமாத்தான் அனுப்பி வச்சாங்க. பாட்டு, தையல், படிப்பு எல்லாம் சொல்லிக்கொடுத்து ராணி மாதிரி வச்சிருந்தாங்க."

அங்காராவிலிருந்து தேனிலவுக்கு வந்திருந்த பெண் குளியலறைப் பளிங்கைத் தடவிப் பார்த்தாள். "குடுத்து வச்சவங்க. சமையல் இல்ல, மாமியார் இல்ல."

"மாமியார் இல்லையா? சுல்தானோட அம்மாவே இங்கதானே இருந்திருக்காங்க" என்றான் அவள் கணவன். மறுபடியும் சிரிப்பு.

"சின்னப் பிள்ளைங்க எங்க படுத்துக்கும்?" என்று இத்ரிஸ் கேட்டார்.

"எந்தப் பிள்ளைங்க?"

"வந்த புதுசுல. எட்டு, ஒன்பது வயசுல."

மெலாஹத் மேலே கை காட்டினாள். "மேல்மாடியில. அங்க யாரையும் விடறதில்லை ஐயா. படிக்கட்டு சரியில்லை."

வெளியேறும் இடத்தில் பார்வையாளர் குறிப்பேடு இருந்தது. 'இங்கே வாழ்ந்த பெண்கள் பாக்கியசாலிகள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள் தேனிலவுப் பெண். பிறகு பேனாவைக் கிழவரிடம் நீட்டினாள். "நீங்க எழுதாம வேற யார் எழுதறது?"

இத்ரிஸ் பேனாவை வாங்கிக் குறிப்பேட்டின் மேல் வைத்துவிட்டார். கோட்டின் உள்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார்.

"எங்கப்பா பெட்டியில இருந்தது. பழைய எழுத்து. படிச்சுச் சொல்றியா மகளே?"

நாட்டின் எழுத்தை அரபியிலிருந்து லத்தீனுக்கு மாற்றி ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது தாத்தாவின் கடிதத்தைப் பேரனால் படிக்க முடியாது. மெலாஹத் பல்கலைக்கழகத்தில் அந்தப் பழைய எழுத்தைப் படித்தவள். ஆவலோடு வாங்கிப் பிரித்தாள். உச்சியில் அரண்மனை முத்திரை தெரிந்ததும் கூட்டம் நெருங்கி வந்தது.

அவள் முதலில் மனதுக்குள் படித்தாள்.

பெண் குழந்தை. வயது ஒன்பது. பார்வை நன்று, பற்கள் முழுமை, உடலில் தழும்பு இல்லை. விலை முழுவதும் பெற்றுக்கொள்ளப்பட்டது. இனி உரிமை கோரவோ பார்க்க வரவோ மாட்டேன். விற்றவர், குழந்தையின் அண்ணன்.

அதன் கீழே ஒரு கட்டைவிரல் ரேகை. பக்கத்தில் இத்ரிஸின் தகப்பனார் பெயர்.

மெலாஹத் நிமிர்ந்தாள். கிழவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தேனிலவுப் பெண் காமிராவைக் கண்ணருகே வைத்துக் காத்திருந்தாள். இவ்வளவு தூரம் வந்த மனிதரிடம், இத்தனை பேர் முன்னால், எப்படிச் சொல்வது?

தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவள் வாசித்தாள். "மதிப்புக்குரிய ஐயா, உங்கள் தங்கை நலமாக வந்து சேர்ந்தாள். இன்று முதல் அவள் இந்த வீட்டு மகள். உங்கள் குடும்பத்துக்கு அரண்மனையின் நன்றி."

யாரோ கைதட்டினார்கள். தேனிலவுப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிழவரின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். படம் எடுத்து முடித்ததும் எல்லோரும் தேநீர் குடிக்கத் தோட்டத்துப் பக்கம் போனார்கள்.

இத்ரிஸ் நகரவில்லை.

"அவ்வளவுதானா எழுதியிருக்கு?"

"அவ்வளவுதான் ஐயா. உங்கப்பா சொன்னது உண்மைதான்." இதைச் சொல்லும்போது மெலாஹத் கடலைப் பார்த்துக்கொண்டாள்.

அவர் தாளை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்தார்.

"எங்கப்பா செத்து நாப்பது வருஷம். நான் கூடப் பிறந்தவங்ககிட்டயும் இதைக் காட்டல, பிள்ளைங்ககிட்டயும் காட்டல. முன்பின் தெரியாத ஒருத்தர் வாயாலயாவது உள்ளது உள்ளபடி கேட்டுட்டா, எங்க அத்தைக்குன்னு ஒரு சொட்டுக் கண்ணீர் விடலாம்னு வந்தேன்."

மெலாஹத்துக்கு எதுவும் விளங்கவில்லை. "ஐயா..."

"நானும் அந்த எழுத்துலதான் பள்ளிக்கூடம் படிச்சவன், மகளே."