ரேடியோவுக்குத் தைத்த உறை

லைட்ஹவுஸ் குப்பத்து எலிசபெத் ரேடியோவை மேசையில் இறக்கி வைக்கிறாள். அதன் மேல் பழைய புடவையை இரண்டாக மடித்து அவளே தைத்த உறை. வாயை இறுக்க நாடா கூட உண்டு. தகரக் கூரை ஓட்டை வழியே விழும் மத்தியான வெயிலில் தகரப் பட்டறைக்காரர் கமாலுதீன் உறையை நீக்கி, பின்மூடியைக் கழற்றி, உள்ளேயிருக்கும் பலகையைத் திருப்பிப் பிடிக்கிறார். கம்பெனி வைத்த ஈயப் பற்றுகள் மீன்கண்ணாகப் பளபளக்கின்றன. முன்பு பழுது பார்த்தபோது அவர் வைத்தவை மட்டும் பச்சை பூத்துக் கிடக்கின்றன. ஸ்பீக்கர் ஒயர் தொட்டதும் கழன்று விழுகிறது. காடா விளக்குக்கும் மண்ணெண்ணெய் டின்னுக்கும் பற்றாசு வைத்துப் பழகிய கை. ஈயம் பிடிக்கத் தேய்க்கும் அதே நவச்சாரத்தைத்தான் இதற்கும் தடவியிருந்தார். அது பலகையின் செம்புக் கோடுகளை அரித்துவிடும் என்று போன வாரம்தான் பட்டணத்து ரேடியோக் கடைக்காரன் சிரித்துக்கொண்டே சொன்னான். அதற்கு முன்பே இரண்டு தடவை இவளிடம் உப்புக் காற்றின் மேல் பழியைப் போட்டாகிவிட்டது.

“காத்து படாமத்தான் வெச்சிருந்தேன் பாய்,” என்கிறாள் எலிசபெத், தலை நிமிராமல். “புயல் சேதி கேக்காமயே அவரு கடலுக்குப் போறாரு. வூட்ல இருக்கறவ ஒரு ரேடியோவ பாத்துக்க மாட்டியான்னு திட்றாரு.”

கமாலுதீனின் கை நவச்சார டப்பாவை மேசைக்கடியில் தள்ளுகிறது.

“தப்பு உன் மேல இல்லம்மா.”

அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். அவர் கழன்ற ஒயரை எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார்.

“கடல் காத்து. இன்னா பண்றது.”

அவள் தலையாட்டிவிட்டு, உறையை மடியில் விரித்து, நாடாவுக்காக விட்டிருந்த இடைவெளியில் காற்று புகுமா என்று விரலால் அளந்து பார்க்கிறாள்.