எட்டில் முடியும் எண்

"ஹைபிரிட் மாடல்தான் வேணும்," என்றாள் லுசீலியா.

"நீ கேட்டா வாங்கிடுவேனா? பெட்ரோல்தான்!" சாவோ பாலோவின் அந்தச் சொகுசு எஸ்யூவி ஷோரூமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான் அவள் கணவன் வால்டெமிர். ஒன்பது வருடமாக அவள் எதைக் கேட்டாலும் அதற்கு நேர்மாறாகச் செய்வதுதான் அவனுக்குச் சந்தோஷம்.

"பிடிவாதம் பிடிச்ச கழுதை!"

"வாயை மூடுடி!" கையெழுத்துப் போட்டுவிட்டு வெற்றிச் சிரிப்போடு நிமிர்ந்தான்.

விற்பனையாளர் சொன்னார்: "வண்டி நம்பர் எட்டுல முடியுது சார். நெரிசலைக் குறைக்க, நம்பரோட கடைசி எண்ணை வச்சு வாரத்துல ஒரு நாள் வண்டிக்குத் தடை போடுறாங்கல்ல. ஹைபிரிட்டுன்னா தடை இல்ல. இதை வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சுலேருந்து எட்டு வரைக்கும் வெளிய எடுக்க முடியாது. எட்டு மணி வரைக்கும் நீங்க ஆபீஸ்லயே இருக்க வேண்டியதுதான்."

"இந்த நம்பரை எவன் கேட்டான்?"

"மேடம்தான் சார். பெட்ரோல் வண்டியைத்தான் எடுத்து வைக்கணும்னு நேத்தே சொல்லிட்டுப் போனாங்க."

லுசீலியா கைப்பையை மாட்டிக்கொண்டாள். "வாரத்துக்கு மூணு மணி நேரமாவது உன் மூஞ்சியைப் பார்க்காம இருக்கணும்ல?"