சரியும் சக்திக் கோடு

கல்முனைக் கடற்கரை வீதி மாடியறையில் பின்னேர வெயில் மடிகணினித் திரையில் விழ, கஜனி உள்ளங்கையால் மறைத்துப் பார்க்கிறாள். தூய அவத்தைக் குலைவில் குவாண்டம் துகளின் சக்தி குறையாது, அலையின் ஒத்திசைவு மட்டுமே அழியும். பேராசிரியர் சுபாஸ்கரனின் கணினி மாதிரியிலோ சக்திக் கோடும் சேர்ந்து சரிகிறது. "சேர், கட்டுரையில தூய குலைவு எண்டு எழுதியிருக்கிறம், இது அப்பிடி இல்லையே." அவர் பிளேன்ரீயைச் சத்தமாக உறிஞ்சுகிறார். "அந்தக் கோட்ட எடுத்துட்டு அனுப்புங்க பிள்ள. ஆரு பாக்கப்போறா?" இந்த மனிதர் வகுப்புக்குள் வரும்போதெல்லாமா மூன்று வருடம் எழுந்து நின்றோம் என்று நினைத்தபடி, அவர் மீசையில் ஒட்டிய பிஸ்கற் தூளைப் பார்க்கிறாள். கட்டுரையின் முகப்பில் அவர் பெயருக்குக் கீழே உள்ள தன் பெயரை எழுத்தெழுத்தாக அழிக்கிறாள். "உங்கட பேர் மட்டும் போதும், சேர்." அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு தலையாட்டிச் சிரிக்கிறார்.