முகத்துக்கு நேரே

"இன்னிக்கு அந்தப் போன் வரும் பாரு, சுகானோ. வந்தா நீதான் எடுக்கணும்," என்றார் ஹோன்மா.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பாதி எழுந்திருந்த சுகானோ மறுபடி உட்கார்ந்தான். சுவர்க் கடிகாரம் ஐந்து மணியை நெருங்கிக்கொண்டிருந்தது.

நீகாதா நகருக்கு வெளியே இருக்கும் அந்த உணவுப்பொருள் கிடங்குக்கு ஹோன்மா தலைவர், சுகானோ மனிதவள அதிகாரி. ‘அந்தப் போன்’ எதுவென்று இருவருக்கும் நன்றாகத் தெரியும். வேலையை விடுகிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூசுகிறவர்கள், காசு கொடுத்து ஓர் ஏஜென்சியை விட்டுச் சொல்லச் சொல்வார்கள். கல்யாணம் கூடி வரத் தரகர் இருக்கும்போது, உறவை முறிக்கவும் ஒரு தரகர் இருந்துவிட்டுப் போகட்டுமே. இன்னார் நாளை முதல் வர மாட்டார், அவரைக் கூப்பிடாதீர்கள் என்பார்கள். அத்தோடு கதை முடிந்தது.

புதிய செயலி வந்ததிலிருந்து அப்படி நிறையப் போன்கள் வந்துவிட்டன. எல்லாவற்றையும் எடுத்து, "சரிங்க" என்று தலை குனிந்தவன் சுகானோதான்.

செயலியைக் கொண்டு வந்தவனும் அவன்தான். தலைமையகத்தில் பயிற்சி முடித்து வந்து, காலைக் கூட்டத்தில் நின்று, இனிமேல் லீவு, ஷிப்ட், சம்பளச் சீட்டு எல்லாம் கைபேசியிலேயே என்று வாய் வலிக்கப் பேசினான். அதில் பொய் ஒன்றும் இல்லை. அதே செயலி யார் கை மெதுவென்று கணக்குப் போட்டு, அவர்கள் பெயரைப் பெரிய திரையில் சிவப்பாகக் காட்டும் என்பதை மட்டும் சொல்லாமல் விழுங்கிவிட்டான். முதல் நாளே சிவப்பில் வந்த பெயர் இகராஷி.

இகராஷி குளிர் அறையில் பல வருடங்களாக மீன் பெட்டி அடுக்குகிற பெண்மணி. புதிதாக வருகிறவர்களின் விரல் மரத்துப் போனால் தன் வேலையை நிறுத்திவிட்டு அவர்கள் கையைத் தேய்த்துவிடுவார். கணக்கில் பின்தங்காமல் என்ன செய்வார்? திரையைப் பார்த்து அவர் கோபப்படவில்லை. சுகானோவிடம் வந்து, என்னால் உங்களுக்குத் தொந்தரவாகிவிட்டது என்று குனிந்து மன்னிப்புக் கேட்டார். அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அன்றிலிருந்து அவர் எதிரே வந்தால் அவன் வேறு வழியாகச் சுற்றிப் போகிறான்.

அந்த இகராஷிதான் இன்று வரவில்லை. ஒரு வார்த்தை தகவலும் இல்லை.

மற்றவர்கள் போனால் ஆள் பிடித்துவிடலாம், அந்த அம்மா போனால் குளிர் அறையை இழுத்து மூடிவிட வேண்டியதுதான் என்று மத்தியானத்திலிருந்து புலம்பிக்கொண்டிருந்தார் ஹோன்மா.

"நான் கிளம்பறேன் தலைவரே. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"எங்க கிளம்பற? அந்தம்மா பேரைச் சிவப்புல போட்டது நீ. அவங்க போற சேதியையும் உன் காதாலயே கேளு."

சுகானோவுக்குக் காது மடல் சுட்டது. ஹோன்மா பொல்லாதவர் இல்லை. சொன்னது அதிகம் என்று தோன்றியிருக்க வேண்டும், எழுந்து வந்து அவன் தோளைத் தட்டி, காலம் அப்படி, உன்னைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றார். அந்தக் கை பட்ட இடம்கூட அவனுக்குக் கூசியது.

அப்போது கதவு திறந்தது. கறுப்புக் கோட்டும் நெஞ்சில் துணிப்பூவுமாக இகராஷி நின்றார். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் விழாவாம். முடிந்த கையோடு இனிப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"சொல்லாம கொள்ளாம லீவு போட்டுட்டீங்களே," என்றார் ஹோன்மா.

"போன்லயே போட்டேனே. சுகானோ சான்தான் சொல்லிக் குடுத்தாரு. சரியா அழுத்தியிருக்கேன்னு என் பேத்திகூடச் சொன்னா."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊருக்கெல்லாம் செயலியைச் சொல்லிக் கொடுத்தவர்கள், காலையிலிருந்து அதைத் திறந்தே பார்க்கவில்லை.

இகராஷி முதல் இனிப்பை சுகானோவுக்குத்தான் கொடுத்தார். ஆளே இளைத்துவிட்டீர்கள், இந்தச் செயலிக்காக ராத்திரி பகலாக உழைக்கிறீர்கள் என்று இன்னொன்றையும் அடுத்த கையில் திணித்தார். அவன் நிமிரவே இல்லை. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது.

"அப்பாடா, இன்னிக்குத் தப்பிச்சோம்," என்று ஹோன்மா ஒரு இனிப்பை வாயில் போட்டுக்கொண்டார்.

போன் அடித்தது.

சுகானோ அசையவில்லை. இரண்டு கையிலும் இனிப்பு இருக்கிறதே, பாவம், எப்படி எடுப்பான் என்று இகராஷியே எட்டி, ஸ்பீக்கர் பொத்தானை அழுத்திவிட்டார்.

"வணக்கம். உங்கள் ஊழியர் ஒருவரின் சார்பாகப் பேசுகிறோம். அவர் நாளை முதல் வேலைக்கு வர மாட்டார். இகராஷி என்பவரின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது என்று காரணம் சொல்கிறார்."

இகராஷி திகைத்துப் போனார். ஹோன்மா இனிப்பை அவசரமாக விழுங்கினார்.

"யாருங்க அது?"

"மனிதவளப் பிரிவு, சுகானோ அவர்கள். ஐந்து மணிக்கு வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன், அதன்பிறகு சொல்லுங்கள் என்றார். தயவுசெய்து அவரோடு யாரும் நேரில் பேச வேண்டாம்."

சுகானோவின் பக்கம் திரும்பிப் பேச வாயெடுத்த ஹோன்மா, அப்படியே மூடிக்கொண்டு, போனைப் பார்த்துத் தலை குனிந்து சொன்னார்: "சரிங்க. பேச மாட்டோம்."