மண் போடாத குப்பி

பதினெட்டாவது நிமிடத்துக்கு இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. திரையில் கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டில் எனக்கு அக்கா, இந்த ஆய்வகத்தில் தலைவி. இரண்டு இடத்திலும் அவள் வைத்ததுதான் சட்டம்.

ஆறு வருடங்களுக்கு முன் துருவக் கடலின் அடிமண்ணிலிருந்து பழங்காலப் பாசிகளின் கொழுப்பைப் பிரித்தெடுத்தாள். எந்தக் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்தால் அந்தப் பாசி வாழ்ந்த தண்ணீரின் சூடு தெரிந்துவிடும். இன்று பனி மூடிக் கிடக்கும் இடத்தில் அன்று ஆள் இறங்கிக் குளித்திருக்கலாம் என்று எழுதினாள். எல்லாரும் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். இந்த ஆய்வகம், இதில் என் வேலை, எல்லாமே அந்த ஒரு கட்டுரை போட்ட சோறுதான்.

போன வாரம் வேறொரு குழு கடிதம் எழுதியிருந்தது. அதே இடத்து மண்ணில் அவர்களுக்கு அந்தக் கொழுப்பே கிடைக்கவில்லையாம்.

நான்தான் ஃப்ரீசரைக் குடைந்து இந்தக் குப்பியை எடுத்தேன். அன்று மண்ணை மட்டும் போடாமல், மற்றதையெல்லாம் அப்படியே செய்து மூடி வைத்த குப்பி. இதில் கோடு நேராகவே போனால் அக்கா சொன்னது சரி. அந்தக் கொழுப்பு இருந்தால் பதினெட்டாவது நிமிடத்தில் கோடு எழும்பும். அப்படி எழும்பினால் அது கடலிலிருந்து வரவில்லை, சரியாகக் கழுவாத எங்கள் குடுவையிலிருந்து வந்தது. கட்டுரை அனுப்பும் அவசரத்தில் இதை இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்காமலே விட்டுவிட்டதாக அக்கா சொல்லியிருந்தாள்.

பதினேழு. நேராகப் போய்விடு, உனக்குப் புண்ணியமாகப் போகும் என்று கோட்டிடம் கெஞ்சினேன்.

பதினெட்டில் அது விருட்டென்று எழும்பியது.

"அன்னைக்கே இத ஓட்டிப் பாத்திருக்கணும்டி," என்றாள் அக்கா. குரல் உடைந்திருந்தது.

அவசரத்தில் யாருக்கும் நடக்கக்கூடியதுதான் என்று சமாதானம் சொன்னேன். கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை நானே எழுதித் தருகிறேன் என்றேன். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனாள்.

குப்பியைப் பத்திரப்படுத்தலாம் என்று இயந்திரத்தின் தட்டிலிருந்து எடுத்தேன்.

ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் இயந்திரத்தின் ஊசி மூடியின் ரப்பரைக் குத்தித்தான் துளியை உறிஞ்சும். ஓர் ஓட்டத்துக்கு ஒரு துளை விழும்.

இந்த மூடியில் இரண்டு இருந்தன.